தோள் கேட்ட கண்ணுச்சாமி

விருதுநகர் மிளகாய் வத்தல் பேட்டையில் மூட்டை தூக்கும் கண்ணுச்சாமிக்கு இன்னொரு பிழைப்பும் இருந்தது. லோடு குறைந்த மாதங்களில் ரயிலேறி மதுரைக்குப் போவான். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துக் காசு வாங்கி வருவான். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. மழைக்காலம் வந்தால் பேட்டை படுத்துவிடும், வயிறு படுத்துக்கொள்ளுமா?

பேட்டையில் அவனுக்கு ‘ரத்தக்கடை’ என்று பட்டப்பெயர். எல்லாரையும்விட அதிகமாகக் கேலி செய்தவன் அவன் மச்சினன் சங்கையாதான். நாரணாபுரத்தில் ஒரு வெடி கம்பெனியில் வேலை. அக்காளைப் பார்க்க வரும்போதெல்லாம் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவான்.

“மச்சான், கடை தெறந்திருக்கா? அரைப்படி கெடைக்குமா?”

“ஒனக்குன்னா ஓசிதான் மாப்ளே. ஆனா கொசு கூட ஒன்னையக் கடிச்சுட்டுப் பட்டினியால்ல போகுது!”

“ரெண்டு பேரும் இப்படியே பேசிக்கிட்டிருங்க, சோத்துப் பானையக் கவுத்திருதேன்” என்பாள் கண்ணுச்சாமியின் பெண்டாட்டி மூக்கம்மாள்.

1964. புரட்டாசி மாதம். தீபாவளி ஆர்டர் குவிந்து, வெடி கம்பெனிகள் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சீசன். பேட்டையிலோ சரக்கே இல்லை. அதனால் கண்ணுச்சாமி வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே மதுரைக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அதற்கு அடுத்த வாரம் சங்கையா வேலை பார்த்த வெடிமருந்து அறை தீப்பிடித்தது. நெஞ்சும் இரண்டு கைகளும் வெந்துபோய், அவனை லாரியில் போட்டு மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

செய்தி வந்ததும் கண்ணுச்சாமியும், நிறைமாதக்காரியான மூக்கம்மாளும் ஓடினார்கள். ரத்தம் எடுக்கும் அறையில் ஞானபூரணி சிஸ்டர் இருந்தார். கண்ணுச்சாமி அவருக்குப் பல வருஷப் பழக்கம். குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டினார். அடியில் சிவப்பாக ரத்தம் தங்கியிருக்க, மேலே மஞ்சளாக நீர் தெளிந்து நின்றது.

“செக்குல ஆட்டித் தெளிய வச்ச எண்ணெ மாதிரில்லா இருக்கு!” என்றான் கண்ணுச்சாமி.

“இதுக்குப் பேரு பிளாஸ்மா தம்பி. தீப்பட்டா ஒடம்புல இருக்கிற இந்தத் தண்ணிதான் பூரா வடிஞ்சு போயிரும். அதத் திரும்ப ஏத்தணும். ஒரு ஆளு குடுத்தா கொஞ்சந்தான் தேறும். அந்தத் தீயில வெந்தவுக நெறையப் பேரு. இருக்கிறதப் பிரிச்சு ஏத்தியாச்சு, இன்னைக்குத் தாங்கும். ஆளுக வந்து குடுத்தாத்தான் நாளைக்கு.”

கண்ணுச்சாமி சட்டைக் கையைச் சுருட்டினான்.

“ஊசி குத்துன எடமே இன்னும் ஆறலையே. போன வாரந்தான வந்த?”

“அது காசுக்கு சிஸ்டரம்மா. இது மாப்ளைக்கு.”

“ஒடம்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது தம்பி.”

சொன்னாரே தவிர, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை மயில்துத்தத் தண்ணீரில் விட்டார். நல்ல ரத்தமென்றால் அந்த நீலத்தில் கல்லாக இறங்கும். சத்தில்லாத ரத்தம் மிதக்கும். எத்தனையோ தடவை தன் சொட்டு மூழ்குவதைப் பார்த்துப் பெருமைப்பட்டவன் கண்ணுச்சாமி. இன்றைக்கு அது மிதந்தது.

“இன்னொரு சொட்டு பாருங்க.”

அதுவும் மிதந்தது. யார் யாருக்கோ கொடுத்தவனிடம், ஓசியில் தருகிறேன் என்று வாய் நிறையச் சொன்ன மச்சினனுக்குக் கொடுக்க ஒன்றுமில்லை!

“எங்கிட்ட எடுங்கம்மா” என்று மூக்கம்மாள் கையை நீட்டினாள். ஞானபூரணி அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு அந்தக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாள் முதல் ரயிலில் கண்ணுச்சாமி பேட்டைக்கு வந்து சேர்ந்தபோது, அதிசயமாக ஒரு லாரி நின்றது. லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூட்டை தூக்கும் கொத்துக்குத் தலைவர் மாணிக்கராஜ். மலை மாதிரி ஆள். கண்ணுச்சாமி விஷயத்தைச் சொல்லி, “ஆளுக்கு ஒரு பாட்டில் குடுக்கணும்ணே” என்றான்.

“ஏலே, ரத்தம் போனா இடுப்பு நிக்குமாலே? மூட்டைய யாரு தூக்குவா, ஒங்கப்பனா? நீ ஒருத்தன் கடை வச்சது பத்தாதோ, எங்களையும் ஏவாரத்துக்குக் கூப்பிடுத?”

எல்லாரும் சிரித்தார்கள். ஒன்றும் ஆகாது என்று கண்ணுச்சாமியால் சத்தியம் பண்ண முடியாது. மிதந்த சொட்டு கண்ணிலேயே நின்றது.

அந்தக் கொத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மூட்டையோடு லாரிக்குப் போட்ட பலகையில் ஏறுகிறவனுக்குக் கால் தளர்ந்தால் “தோளு!” என்று சத்தம் கொடுப்பான். பக்கத்தில் எவன் நின்றாலும் ஓடிப்போய்த் தோள் கொடுத்தாக வேண்டும். சண்டைக்காரனானாலும் சரி, கேள்வி கிடையாது.

கண்ணுச்சாமி விறுவிறுவென்று போய்ப் பலகையில் ஏறினான். முதுகில் ஒன்றுமில்லை. பாதிப் பலகையில் நின்று, தொண்டை கிழியக் கத்தினான்.

“தோளு!”

மாணிக்கராஜின் புத்திக்கு எட்டும் முன்னே அவர் உடம்பு ஓடியது! ஒரே எட்டில் பலகையேறி, கண்ணுச்சாமியின் முதுகுக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்துவிட்டு, வெறும் காற்றைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

“எங்கலே மூட்டை?”

“மதுரையில கெடக்குண்ணே. என்னால தூக்க முடியல.”

வத்தல் நெடியில் யாரோ தும்மினார்கள். மாணிக்கராஜ் தலைமுண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

“லாரிக்காரரே, லோடு சாயங்காலந்தான். ஏலே, அடுத்த ரயிலு எப்பலே?”

ரயிலில் ஆளாளுக்குக் கேள்வி. “எறும்பு கடிச்ச மாதிரிதான இருக்கும்?” என்றார் மாணிக்கராஜ்.

“பொய் சொல்ல மாட்டேண்ணே. ஊசி தடிசு. கட்டெறும்புக் கடி. உள்ள போனப்பறம் ஒண்ணும் தெரியாது. கைய மூடி மூடித் தெறக்கச் சொல்லுவாக. முடிஞ்சதும் துள்ளி எந்திரிக்காதீக. கண்ணு இருட்டுனா காலத் தூக்கி வச்சுப் படுத்துக்கிடுங்க. காப்பியும் முட்டையும் குடுப்பாக. இன்னைக்கு யாரும் மூட்டையத் தொடக்கூடாது, சாயங்காலம்னு சொன்ன லாரி நாளைக்குத்தான். அப்பறம் மூணு மாசம் அந்தப் பக்கமே எட்டிப் பாக்கக்கூடாது.”

“நீ பாத்தியேலே?”

“அதாண்ணே என் சொட்டு மிதந்திருச்சு.”

மதுரையில் இறங்கியதும் எல்லாருக்கும் வயிறு நிறைய இட்லி வாங்கிக் கொடுத்துத்தான் கூட்டிப் போனான். அவர்கள் உள்ளே நுழைந்த மாத்திரத்தில் அறை முழுக்கத் தும்மல். “வத்தலக் கொட்டிட்டா வந்தீக? குழாயடியில போய்க் கழுவிட்டு வாங்க!” என்று விரட்டினார் ஞானபூரணி. கழுவிவிட்டு வந்தார்கள். நீலத் தண்ணீரில் ஒவ்வொரு சொட்டும் விழுந்தது, இறங்கியது. கண்ணுச்சாமி அந்தக் கண்ணாடிக் குவளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

குமாஸ்தா வந்து கேட்டார்: “நீங்கள்லாம் கூலிக்குக் குடுக்கீகளா, இல்ல சொந்தக்காரவுகளா?”

“சொந்தந்தான்யா. அதுக்காகக் கூலிய நிறுத்திராதீக, ஒரு நாள் லோடு போச்சு” என்றார் மாணிக்கராஜ். காசு வாங்கினார்கள். வாங்கினால் என்ன? அந்த மஞ்சள் நீரில் ஒரு சொட்டாவது குறைந்ததா? எல்லாரையும்விடத் தைரியமாகப் படுத்த மாணிக்கராஜ்தான், முடிந்த பிறகு தன் பாட்டிலைத் திரும்பிப் பார்த்து மயங்கி விழுந்தார். கண்ணுச்சாமி அவர் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தெளிந்த மஞ்சள் நீர் சங்கையாவுக்குள் இறங்கியது. சில நாள் கழித்துக் கண்ணைத் திறந்தவன், கட்டிலருகே நின்ற ஆளை அடையாளம் கண்டுகொண்டான்.

“மச்சான்… கடை தெறந்தாச்சா?”

“இல்ல மாப்ளே, கடையடைப்பு. ஒனக்கு ஊத்துனது பூரா வத்தல் பேட்டைச் சரக்கு.”

“அதான் ஒடம்பெல்லாம் இந்தக் காந்து காந்துதா?”

மூக்கம்மாள் சிரித்துக்கொண்டே அழுதாள்.

கண்ணுச்சாமி அப்புறமும் ரத்தம் கொடுத்தான், காசுக்குத்தான் கொடுத்தான். ஆனால் மூன்று மாதம் முழுசாகக் கழியாமல் மாணிக்கராஜ் அவனை ஸ்டேஷன் பக்கமே விடவில்லை. முதல் தடவை கூடவே போய் நின்றார். ஞானபூரணி சொட்டை விட்டார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். நீலத்துக்குள் அது நேராக இறங்கி, அடியில் போய் உட்கார்ந்தது.

“ஏறிப் படு தம்பி” என்றார் ஞானபூரணி. மாணிக்கராஜ் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.