தூங்குமூஞ்சிக் கண்ணுக்கு மை

நான் நாலாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் என் மண்டை என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையான காரணம் என் கண். மேல் இமை தடித்து, பாதிக் கருவிழி வரை இறங்கி நிற்கும். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே ஆள் உட்கார்ந்திருக்கிற மாதிரி. வகுப்பில் தூங்குகிறேன் என்று வாத்தியார் அடித்தார். முழித்துக்கொண்டுதான் இருந்தேன் என்றேன். பொய் வேறா என்று இன்னும் இரண்டு வைத்தார். ஐந்தாம் வகுப்பு எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தேரடித் தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதலாளி படம் எடுப்பார். படத்துக்கு உட்கார வருகிறவர்களின் முகத்தைச் சரி செய்வது என் வேலை. சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே பவுடர் டப்பா இரண்டு, கண் மை, புருவப் பென்சில், ஊரே சீவிய ஒரு சீப்பு.

மேக்கப் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இருட்டறையில் நெகட்டிவ் கழுவும்போது நானாகப் பிடித்துக்கொண்டேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும். ஆயிரம் மூஞ்சியை அப்படித் தலைகீழாகப் பார்த்தால் ஒன்று விளங்கிவிடும். வெளிச்சம் பட்ட இடம் முன்னால் வரும், இருட்டின இடம் உள்ளே போகும். மீதியெல்லாம் இதிலிருந்து வந்ததுதான். அகலமான முகமா, காதோரம் கொஞ்சம் மங்கலான பவுடர். கண் இரண்டும் மூக்கை ஒட்டி இருக்கிறதா, மையை மூக்குப் பக்கம் தொடங்காதே, பாதியில் தொடங்கி வெளியே இழு. சின்னக் கண்ணுக்கு உள் ஓரத்தில் மை வைத்தால் இருக்கிற கண்ணும் போய்விடும். இமை முடி முளைக்கிற இடத்துக்கு வெளியே மெலிசாகக் கோடு போட வேண்டும். பிதுங்கின கண்ணாக இருந்தால் மேல் இமையைக் கொஞ்சம் இருட்ட வேண்டும்.

எல்லாவற்றையும் முதலில் என் மூஞ்சியில்தான் போட்டுப் பார்த்தேன். அகலம், சப்பை மூக்கு, தொங்கின இமை, எல்லாக் கோளாறும் ஒரே இடத்தில் இருந்ததால் வெளியே அலைய வேண்டியிருக்கவில்லை.

எண்பத்தொன்பதில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அடி அண்ணாமலையில் ஒரு வீடு. அம்மாவும் மாமாவும் நானும் கிளம்பினோம். நான் சும்மா கிளம்பவில்லை. கண்ணைப் பெரிதாகக் காட்ட வெளி ஓரத்தில் மெலிசாகக் கோடு, மேல் இமையில் துளி வெள்ளைப் பவுடர். கண்ணாடியில் பார்த்தபோது ஷட்டர் முக்கால்வாசி திறந்திருந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்தோம். மேக்கப்பில் எல்லாம் தெரிந்தவனுக்கு வேர்வை என்று ஒன்று இருப்பது மட்டும் தெரியவில்லை. அவர்கள் வீட்டு வாசலுக்குப் போகும்போது கோடு கன்னத்துக்கு வந்துவிட்டது.

அந்த வீட்டில் பெண்ணுக்கு அம்மா இல்லை. அப்பாவின் அக்கா வைத்ததுதான் சட்டம். பெண்ணுக்கு அத்தை. பெரிய உருண்டைக் கண், கொஞ்சம் வெளியே தள்ளினது. எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்தாள். நான் பஜ்ஜியை வாயில் வைத்த நேரம் பார்த்து அம்மாவிடம் கேட்டாள்.

"ஏம்மா, பையன் முழிச்சுக்கினு இருக்கானா, தூங்கறானா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அத்தை விடவில்லை.

"இல்ல, கேட்டுக்கலாம்னுதான். தூங்கறவனை எழுப்பிப் பொண்ணைக் காட்டணும்ல. இன்னாபா, மை வேற வெச்சுக்கினு வந்துட்ட? நாங்க பொண்ணு குடுக்கறோம்பா, பொண்ணு எடுக்கல."

கூடம் முழுக்கச் சிரித்தது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தத்தோடு ஒரு சிரிப்பு வந்தது. அது அந்தப் பெண். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். ஜோக்கருக்கு அது ஒன்றுதான் தெரியும். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். பஸ்ஸில் அத்தனை பேர் பார்க்க, இருபத்திரண்டு வயசு ஆளுக்கு. அந்தத் துடைப்பைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், அந்தப் பொம்பளை என் கைக்கு ஒரு நாள் வருவாள் என்று. ஊரில் இருந்தது மொத்தம் நாலு ஸ்டுடியோ. எங்கே போய்விடுவாள்?

இரண்டு வருசம் கழித்து வந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகி, குடும்பத்தோடு படம் எடுக்க வந்திருந்தார்கள். பெண் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அத்தைக்கு அடையாளமே தெரியவில்லை. ஒரு ஆளின் கண்ணை வைத்து ஊர் சிரிக்கப் பேசிவிட்டு, அந்தக் கண்ணையே மறந்துவிட்டிருந்தாள். எனக்கு அதுதான் இன்னும் ஜாஸ்தி எரிந்தது.

குரூப் போட்டோ முடிந்தது. அத்தை கண்ணாடி முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, என்னைத் தனியா ஒண்ணு எடுக்கச் சொல்லு. இதுவரைக்கும் நான் தனியா எடுத்ததே இல்ல. என் மூஞ்சிக்கு எது எடுக்குமோ பாத்துப் போட்டு விடு."

"உங்க மூஞ்சிக்கு எது எடுக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும்மா" என்றேன்.

அவள் கண்ணுக்குச் செய்ய வேண்டியது மேல் இமையில் லேசான இருட்டு, அவ்வளவுதான். ராணி மாதிரி இருந்திருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மேல் ஓரம், கீழ் ஓரம் இரண்டிலும் உள்ளே கனமாக மை. கடைக்கண்ணில் பென்சிலைக் கீழ்நோக்கி இழுத்தேன். இமையில் இருட்டைப் புருவம் வரை ஏற்றினேன். கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பவுடரைத் தட்டிப் பை தொங்குகிற மாதிரி வைத்தேன். ஒவ்வொரு கோடும் எங்கே போக வேண்டும் என்று யோசிக்கவே இல்லை. தினமும் கண்ணாடியில் பார்க்கிற கண்தானே. என் கண்ணை அவள் மூஞ்சியில் வரைந்தேன்.

கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, இருட்டிக்கினு இருக்குது?" என்றாள்.

"கண்ணாடிக்கு வேற, கேமராவுக்கு வேறம்மா. லைட் போட்டா எல்லாம் வெளுத்துடும்."

தொழிலில் அது உண்மைதான். அதனால் முகத்தை மாற்றாமல் சொல்ல முடிந்தது. விளக்கை நேர் மேலே தூக்கி வைத்தேன். "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, பார்வையை மட்டும் கீழ விடுங்க" என்றேன். சொன்னபடியே செய்தாள். முதலாளி பட்டனை அமுக்கினார்.

படத்தை வாங்க அவளே வந்தாள். உறையிலிருந்து எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"தூங்கற மாதிரி இருக்குதே தம்பி."

இரண்டு வருசமாக அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் முதலாளி பக்கத்தில் நின்றிருந்தார். வேலை முக்கியம்.

"தூக்கம் இல்லம்மா, சாந்தம். செங்கம் ரோட்டுப் பக்கம் ஆசிரமத்துல போய்ப் பாருங்க, இந்தக் கண்ணு வரணும்னு வெள்ளைக்காரங்க வருசக்கணக்கா உக்காந்துக்கினு இருக்காங்க. உங்களுக்கு ஒரே நாள்ல வந்துட்டுது."

அத்தை நம்பிவிட்டாள். முகமெல்லாம் பூரிப்போடு படத்தைப் பையில் வைத்துக்கொண்டு போனாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பழி வாங்கப்பட்டவள் சந்தோசமாக வீட்டுக்குப் போனால் அது என்ன பழி? இதிலும் நான் நாலாம் வகுப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் பதினைந்து வருசம் ஓடியது. முதலாளி ஓய்ந்து, கடை என் கைக்கு வந்தது. இருட்டறையில் அரிசி மூட்டை வைத்தேன். கம்ப்யூட்டர் வந்தது. அதில் எழுதியிருப்பது ஒன்றும் எனக்குப் படிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து அமுக்குவேன். கண்ணை வெட்டும் கத்திரிக்கோல் எது, ஒட்டுவது எது என்று தெரியும். போதாதா?

ஒரு நாள் காலையில் ஒரு பெண் உள்ளே வந்தாள். கதவுக்குப் பின்னால் சிரித்தவள்தான். தலையில் இரண்டு மூன்று நரை.

"அண்ணா, நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

அண்ணா. சரி, அதுவும் கணக்கு தீர்ந்தது.

பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அத்தை போய்விட்டாளாம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பெரிதாகச் சட்டம் போட்டு வேண்டுமாம்.

"வேற நல்ல படம் இருந்தா குடும்மா" என்றேன்.

"இது ஒண்ணுதாண்ணா. குரூப் போட்டோ மழையில ஊறிப் போச்சு. இதை அத்தை கூடத்துல ஆசையா மாட்டி வெச்சுது. வந்தவங்க எல்லாம் தூங்குமூஞ்சினு சிரிச்சாங்க. பசங்க அப்படியே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. கழட்டிப் பெட்டியில போட்டுட்டுது. அதுக்கப்பறம் எந்தக் கல்யாணத்துலயும் கேமரா முன்னாடி வந்து நிக்கல."

எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், சந்தோசம்தான். அதை மறைக்கச் சிரமப்படவில்லை. என் கண்ணில்தான் எதுவும் தெரியாதே.

"கண்ணை மட்டும் திறந்து விடுங்கண்ணா" என்றாள். "மூடினாப்ல இருந்தா படைக்கக் கூடாதுனு அப்பா சொல்றாரு. என் கண்ணு அத்தை கண்ணு மாதிரியேதான் இருக்கும். வேணும்னா என்னை ஒரு படம் எடுத்து வெச்சு விடுங்க."

ஊரில் இது வழக்கம்தான். உயிர் போன பிறகு எடுத்த படத்துக்கும்கூடக் கண் திறந்து கொடுத்திருக்கிறேன். அவளை உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். நல்ல உருண்டைக் கண். வெட்டி, அத்தை முகத்தில் வைத்தேன். உட்காரவில்லை. பதினைந்து வருசத்துக்கு முன்னால் நான் வரைந்து வைத்த குழிக்குள் அந்தக் கண் அடங்கவில்லை. அந்தக் குழிக்கு அளவான கண் ஊரில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது.

அவளை மறுநாள் வரச் சொல்லி அனுப்பினேன். என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்தேன். இமையை இழுத்துப் பிடித்து, மூச்சடக்கி, முழுசாகத் திறந்து எடுத்தது. வெட்டினேன், வைத்தேன். ஒட்டின ஓரம் தெரியாமல் தேய்க்கவே வேண்டியிருக்கவில்லை. பழைய மையை வெளுத்து, வெளி ஓரத்தில் மெலிசாகக் கோடு போட்டேன். பெண் பார்க்கப் போன அன்றைக்கு எனக்கு நானே போட்டுக்கொண்ட அதே கோடு. இந்தத் தடவை வேர்வை வராது.

முழுக்க அவளுக்காகச் செய்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை. அந்தக் கூடத்தில் என் கண் தொங்க வேண்டும், அதற்கு அவர்கள் மாலை போட வேண்டும் என்றுதான் செய்தேன்.

மறுநாள் அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"யாரையோ கிண்டல் பண்றதுக்கு வாயைத் திறக்கப் போற மாதிரியே இருக்குதுண்ணா. அத்தையேதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காரியத்துக்கு நீங்க கண்டிப்பா வரணும்" என்றாள்.

போனேன். பதினேழு வருசம் கழித்து அதே கூடம். ஊதுபத்தி, வாழையிலை, நடுவில் மாலை போட்ட அத்தை முகத்தில் என் கண். பெண்ணின் அப்பாவில் தொடங்கி ஒவ்வொருவராக வந்து அதன் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். படத்திலிருந்தும் நான்தான் பார்த்தேன். இதைக் காட்ட அம்மா இல்லையே என்று மட்டும் இருந்தது. உயிரோடு இருக்கிறவன் கண்ணுக்கு மாலை விழுவது நல்லதில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

பந்தியில் எனக்கு எதிரே ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. அந்தப் பெண்ணின் தம்பி மகளாம். படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி படத்தைப் பார்த்தது. கடித்த வடையை இலையிலேயே வைத்தேன்.

"அம்மா, ஆயா தூங்கறாங்களா, முழிச்சுக்கினு இருக்காங்களா?" என்று கேட்டது.

துக்க வீடு என்பதையும் மறந்து பந்தி முழுக்கச் சிரித்தது. சிரிப்பு யாரைப் பார்த்து என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்துவிட்டு, இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னேன்.