விசில் நிற்காத உதடு

1. வாய் திறக்காத காலை

உத்திரமேரூரிலிருந்து மாகறல் வழியாகக் காஞ்சிபுரம் போகிற முதல் டிரிப்பை எங்கள் டெப்போவில் யாரும் ஆசைப்பட்டு வாங்க மாட்டார்கள். காய்க்காரர்கள், கம்பெனி வேலைக்குப் போகிற பெண்கள், காலேஜ் பிள்ளைகள் என்று எல்லோரும் அந்த ஒரே வண்டியில்தான் ஏறுவார்கள். அந்த டிரிப்பில் கண்டக்டருக்கு டிக்கெட் மெஷின்கூட அப்புறம்தான். முதலில் வாய் வேண்டும். "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக்கொண்டே இருந்தால்தான் வண்டி நகரும்.

அப்படிப்பட்ட டிரிப்பில் ஒரு நாள் என் வாய் திறக்கவில்லை. காலையில் எழுந்தபோதே வலது தாடை பூட்டிக்கொண்டு கிடந்தது. பற்களுக்கு நடுவே ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். கன்னம் வீங்கிக் கண்ணை முட்டியது. லீவு போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். பல்வலிக்கெல்லாம் லீவு கேட்பது கேவலம் என்று அப்போது ஒரு கொள்கை வைத்திருந்தேன். துண்டை எடுத்துத் தலையோடு தாடையைக் கட்டிக்கொண்டு டியூட்டிக்கு வந்துவிட்டேன்.

கீரைக் கூடையோடு தினமும் ஏறுகிற குப்பம்மாதான் முதலில் பார்த்தார்.

"இன்னா கண்டக்டரே, யாரு வுட்ட அறை? வூட்டுக்காரம்மாவா?"

நான் கன்னத்தைத் தொட்டுக் காட்டி முனகினேன்.

"பல்லா? அய்யய்யோ. நீ டிக்கெட்டக் குடு, நான் கூவிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மாகறல் வந்தது. பின்படிக்கட்டில் என் பக்கத்தில் நின்றுகொண்டு குப்பம்மா ஆரம்பித்தார். "மாகறல்லாம் எறங்கு! சீக்கிரம், சீக்கிரம்! தே, படில தொங்கிக்கினு கீற தம்பி, உள்ள வா. உள்ள இன்னா பேயா கீது?"

அது என் வசனம். பல வருஷமாக நான் கத்துகிற வசனம். ராகம்கூட மாறவில்லை. வண்டியே சிரித்தது, நான் மட்டும் சிரிக்க முடியாமல் நின்றேன். டிரைவர் தனபால் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "சேகரு, அந்தம்மாவுக்கு ஒரு காக்கிச் சட்ட தச்சிக் குட்த்துட்லாமா?" என்றார்.

காஞ்சிபுரம் ஸ்டாண்டில் வண்டி நின்றதும் அவர் சிரிப்பு போய்விட்டது. என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "நீ இந்த வண்டில ஏறுனா நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன். போய் டாக்டர்கிட்ட வாயக் காட்டு." வண்டி நேரம் குறிக்கிற டைம் ஆபீசில் அவரே பேசி, மாற்று ஆளாக ஸ்பேரில் இருந்த கண்டக்டரை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

2. சீசன் முடியட்டும்

இந்தப் பல் அன்றைக்கு முளைத்தது இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே கடைசிக் கடவாய்ப் பக்கம் லேசாக வலிக்கும், வீங்கும், தானாக வடியும். வடிந்ததும் மறந்துவிடுவேன். மறுபடி வலித்தால் "பொங்கல் ஸ்பெஷல் முடியட்டும்" என்பேன். பொங்கல் முடிந்தால் திருவிழா ஸ்பெஷல் வரும், அதற்குப் பின்னால் முகூர்த்தக் கூட்டம், ஆடிக் கூட்டம். பஸ் வேலையில் சீசன் முடிந்ததாக நான் பார்த்ததே இல்லை.

வைத்தியத்துக்கு மட்டும் குறைவே இல்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லோருமே வைத்தியர்கள்தான். ஒருவர் கிராம்பை வைத்துக் கடி என்பார், ஒருவர் கல் உப்பு என்பார். கண்டங்கத்திரி விதையை நெருப்பில் போட்டு அந்தப் புகையை வாயில் பிடித்தால் பூச்சி விழும் என்று ஒருவர் சொன்னார். அதையும் பிடித்தேன். பூச்சி விழவில்லை, இருமல்தான் வந்தது.

உண்மையான காரணம் வேறு. பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்று சின்ன வயதில் யாரோ சொன்னது மனதில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை குப்பம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டேன்.

"அது மேல் பல்லுக்குதான்பா. உன்னுது கீழ்ப் பல்லு. கீழ்ப் பல்லுன்னா காதுதான் பூடும்" என்றார், ரொம்ப ஆறுதலாக.

3. குறுக்கே படுத்தவன்

ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பல் டாக்டரம்மா. வயது முப்பதுகூட இருக்காது. எக்ஸ்ரே எடுத்து விளக்குக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். ஞானப்பல் என்றார். மற்ற பற்கள் எல்லாம் சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்திருக்க, இது மட்டும் நடைபாதையில் குறுக்கே படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை உதைத்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட பயணியை நான் ஒரு ஸ்டாப்கூட விட்டுவைக்க மாட்டேன். இவனை மட்டும் வாயில் வைத்துச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

"எவ்ளோ நாளா இருக்கு?"

விரலை மடக்கி எண்ணப் பார்த்து, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

"சின்ன வயசுலயே வந்திருந்தா வேர் இவ்ளோ இறங்கியிருக்காது. இப்போ நரம்பு மேலயே உட்கார்ந்திருக்கு. எடுக்கும்போது அந்த நரம்பு நசுங்கினா உதடு மரத்துப்போகலாம். பெரும்பாலும் திரும்பி வந்துடும். சிலருக்கு முழுசா வராமலும் போகலாம். எடுக்காம விட்டா சீழ் கழுத்துக்கு இறங்கும். அது உயிர் விஷயம். ரெண்டையும் சொல்லிட்டேன். யோசிச்சுக்குங்க."

பல்லைக் கடித்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டேன். "விசில் ஊத முடியுமா மேடம்?"

அவர் சிரிக்கவில்லை. "முடியும்னு இப்ப சத்தியம் பண்ண முடியாது. முடியணும்னு பாத்துப் பண்றேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் மனைவி சரசாவிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடியே, "உதடு மரத்துச்சுன்னா நான் ஊட்டி வுடுறேன். நீயே பூட்டா நான் யாருக்கு ஊட்டுறது?" என்றாள். அதற்குமேல் அந்த வீட்டில் விவாதம் இல்லை.

மாத்திரையில் வீக்கம் வடிந்து வாய் திறந்த பிறகு ஆபரேஷன். ஊசி போட்டார்கள், மெஷின் சத்தம் கேட்டது, பல்லைத் துண்டு துண்டாக எடுத்தார்கள். வலி துளியும் இல்லை. இதற்காகவா இத்தனை வருஷம் கிராம்பு கடித்தேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

4. தட்டினால் போதும்

ஊசி மயக்கம் தெளிந்தும் கீழ் உதட்டின் வலது பாதி தெளியவில்லை. தையல் பிரித்தார்கள், வீக்கம் வற்றியது, உதடு மட்டும் என்னுடையதாக இல்லை. சாப்பிட்டால் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது தெரியாது. சரசா கண்ணால் ஜாடை காட்டுவாள், நான் துடைத்துக்கொள்வேன்.

டியூட்டிக்குப் போன முதல் நாளே குட்டு உடைந்தது. விசிலை வாயில் வைத்தேன், நழுவிக் கீழே விழுந்தது. இன்னொரு பக்கம் வைத்து ஊதினால் காற்றுதான் வந்தது. சிங்கிள் விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், டபுள் கொடுத்தால் கிளம்ப வேண்டும். நான் கொடுத்தது இரண்டிலும் சேரவில்லை. ஒரு பெரியவரை அவர் ஸ்டாப்பில் இறக்க முடியாமல் போய், அவர் உர மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தார். போகும்போது என்னைத் திட்டினார். திட்டியது நியாயம்தான்.

கிளை மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனுஷன். "சேகர், உங்க மேல தப்பு சொல்லல. டைம் ஆபீஸ்ல உக்காருங்க. உதடு சரியானப்புறம் பாத்துக்கலாம்."

சரியாகாவிட்டால்? கடைசிவரை அங்கேதான். டைம் ஆபீஸ் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எனக்கு வண்டி வேண்டும். கூட்டம் வேண்டும், சண்டை வேண்டும், சில்லறை இல்லையென்று கத்த வேண்டும். அன்று ராத்திரி விசிலை எடுத்து ஊதி ஊதிப் பார்த்தேன். பயம்தான். வேறு பேர் வைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் தனபால் அண்ணன் மேலாளர் முன்னால் போய் நின்றார். "சார், விசில் இன்னாத்துக்கு? கை கீதுல்ல? வண்டித் தகரத்துல ஒரு தட்டு தட்டுனா நிறுத்துறேன், ரெண்டு தட்டுனா எடுக்குறேன். ஒரு மாசம் பாருங்க. அப்பால நீங்க சொல்றதுதான்." மேலாளர் யோசித்து, சரி என்றார்.

வெறும் வண்டியில் அது நடந்தது. முதல் டிரிப் கூட்டத்தில் பின்னால் நான் தட்டுவது முன்னால் கேட்கவில்லை. குப்பம்மா இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் எழுந்து நின்று அறிவித்துவிட்டார்: "தோ பாருங்க, கண்டக்டருக்கு வாய் இன்னும் ரிப்பேர்ல கீது. அவரு பின்னால தட்டுனா நடுவுல கீறவங்க தட்டுங்க, அப்பால முன்னாடி கீறவங்க தட்டுங்க. போன நோண்டிகினு யாராவது வுட்டீங்க, பேஜாராப் பூடும், சொல்ட்டேன்."

அன்றிலிருந்து என் தட்டு கை மாறிக் கை மாறிப் போய் டிரைவரைச் சேர்ந்தது. காலேஜ் பிள்ளைகள்கூடக் காதில் மாட்டியதைக் கழற்றி வைத்துக்கொண்டு தட்டினார்கள். சம்பளம் வாங்கினது நான் ஒருவன். கண்டக்டர் வேலை பார்த்தது வண்டி முழுக்க.

5. இன்னும் கொஞ்சம் சூடாக

கொஞ்ச நாளில் உதட்டில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. துடைத்துப் பார்த்தால் எறும்பு இல்லை. டாக்டரம்மாவிடம் போனேன். "நல்ல சேதிதான். நரம்பு முழிச்சுக்குது. பொறுமையா இருங்க" என்றார். பொறுமை என்பது கண்டக்டருக்குப் பழக்கமில்லாத சரக்கு. இருந்தாலும் இருந்தேன்.

புதிதாக வேலைக்கு வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். வலி வந்தால் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். நீங்கள் இல்லாமல் வண்டி ஓடாது என்று நினைக்காதீர்கள், ஓடும். நான் லீவு போடாத அத்தனை வருஷமும் அந்தப் பல்லின் வேர் என் செலவில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. கூடப் பிறந்த இன்னொரு பாடமும் உண்டு: முடியாதபோது முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் கை கொடுப்பார்கள். நான் சொல்லக்கூட இல்லை, எனக்கே கொடுத்தார்கள்.

மேலாளர் கொடுத்த மாதம் முடிவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் உத்திரமேரூர் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல இடது பக்கமாகச் சாய்த்துக் குடித்தேன். கூட்டத்தில் யாரோ இடிக்க, டீ வலது பக்கம் தளும்பிக் கீழ் உதட்டில் பட்டது. சுரீர் என்று சுட்டது.

கிளாசைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எந்த வலிக்குப் பயந்து வருஷக்கணக்கில் ஓடினேனோ, அந்த வலி திரும்பி வந்ததற்கு நடு பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன்.

தனபால் அண்ணன் பதறிப்போனார். "இன்னா ஆச்சு சேகரு? சுட்டுட்ச்சா? குடு, ஆத்தித் தரேன்."

"வாணாண்ணே. இன்னொரு டீ சொல்லு. இன்னும் கொஞ்சம் சூடா."