நாப்பத்தாறு வயதிலை ஒரு லேற

வயது போனவையைப் பராமரிக்கிற வேலைக்கு முதல்லை வேண்டியது நல்ல மனம் எண்டு சொல்லுவினம். நம்பாதேங்கோ, முதல்லை வேண்டியது குனிஞ்சு நிமிரத் தாங்கிற நல்ல நாரி.

சுவிசிலை ஒழுங்கான எந்தத் தொழிலுக்கும் லேற முடிச்சிருக்கவேணும். லேற எண்டால் கிழமையிலை நாலு நாள் வேலை செய்து பழகிறது, ஒரு நாள் பள்ளிக்கூடம். பதினாறு வயதுப் பிள்ளையள் செய்யிற காரியம். நான் லுசேர்ணிலை இருபது வருசம் ஹோட்டல் அறையள் துப்புரவாக்கிப்போட்டு, நாப்பத்தாறு வயதிலை ஒரு முதியோர் இல்லத்திலை பராமரிப்பு லேறக்குச் சேந்தன். என்னைப்போல நரைச்ச தலையோடை புத்தகப் பை தூக்கினவை உங்களிலையும் கனபேர் இருப்பியள். உங்களுக்காகத்தான் இதை எழுதிறன். மற்றவை சிரிச்சுப்போட்டுப் போகட்டும்.

ஏன் சேந்தனான் எண்டதையும் சொல்லிப்போடுறன். ஊரிலை, சுன்னாகத்திலை, அம்மா படுத்த படுக்கை. தங்கச்சி கௌரிதான் தனியக் கிடந்து மாயிறாள். ஆளை எப்பிடிப் பிரட்டிறது, முதுகிலை புண் வராமல் எப்பிடிப் பாக்கிறது எண்டு ஒண்டும் தெரியாமல் நான் அங்கை போய் நிண்டு என்ன பிரயோசனம்? முறையாப் பழகி, சோதினை பாஸ் பண்ணின கையோடை மூண்டு மாதம் லீவிலை போய், அம்மாவை என்ரை கையாலை பாக்கவேணும். அதுக்கு அம்மா ரெண்டு வருசம் தாங்கவேணும், நான் ஒரு இடத்திலையும் பெயில் விடக்கூடாது.

வேலையோ, படிப்போ

எங்கட சனத்துக்குப் பிள்ளையள் ஜிம்னாசியம் எண்ட பெரிய பள்ளிக்கூடம் போகவேணும், பேந்து டொக்டராக வேணும். லேற எண்டால் படிப்பு ஓடாத பிள்ளைக்குக் கிடைச்ச தண்டனை. ஒரு சாமத்தியச் சடங்கு மண்டபத்திலை நான் லேற செய்யிறன் எண்டு சொல்ல, பக்கத்திலை இருந்த மனிசி தன்ரை பிளேட்டைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி இருந்தா. சத்தியமாச் சொல்லுறன், தள்ளித்தான் இருந்தா.

பாரிசிலை இருக்கிற மச்சாளுக்கு ரெலிபோனிலை விளங்கப்படுத்தினன். கிழமையிலை நாலு நாள் கிழவியளோடை, ஒரு நாள் வகுப்பிலை, சம்பளமும் உண்டு, வீட்டுப்பாடமும் உண்டு எண்டு. லண்டனிலை தன்ரை தங்கச்சி கொஞ்ச நாள் கோர்ஸ் ஒண்டு எடுத்துப்போட்டு இதே வேலைக்குப் போறாளாம், எனக்கு ஏன் இந்த விசர் எண்டு கேட்டா. கடைசியிலை பொறுமை கெட்டுச் சொன்னா: "நீ வேலை செய்யிறியோ, படிக்கிறியோ? ஏதாவது ஒண்டைச் சொல்லடி, மாமிக்குச் சொல்லவேணும்."

எழும்பி நிண்டது

பள்ளிக்கூடத்திலை முதல் நாள். சுத்திவர என்ரை மகளிலும் இளசுகள், காதிலை வயரோடை. வாத்தியார் கதவைத் திறந்துகொண்டு உள்ளுக்கு வர, என்ரை முழங்கால் ரெண்டும் தன்பாட்டிலை எழும்பிட்டுது. நான் என்ன செய்ய? வாத்தியார் வந்தால் எழும்பித்தானே எங்களுக்குப் பழக்கம். முழு வகுப்பும் இருக்க, நான் மட்டும் கைகட்டிக்கொண்டு நிக்கிறன்.

அவருக்கு ஒரு முப்பது வயதிருக்கும், பாவம், சேர்ட்டுக் கையை மடிச்சுவிட்டுக்கொண்டு நல்ல பெடியன். என்னைப் பாத்து அன்பாச் சிரிச்சுப்போட்டுச் சொன்னார்: "டொய்லெட் நடையின்ரை கடைசியிலை, இடதுபக்கம். கேக்கத் தேவையில்லை, நீங்கள் போகலாம்."

உப்புக் கூடிப்போச்சு

இல்லத்திலை எனக்குப் பொறுப்பா இருந்தவள் லேயா. இருபத்திநாலு வயது, மூக்கிலை வளையம், நல்ல மனசு. அங்கை வேலை செய்யிற ஆக்கள் வயது பாராமல் ஆளையாள் கூப்பிடுறது "நீ" எண்டுதான். முதல் மூண்டு மாதம் பரீட்சார்த்த காலம். அது முடிய லேயா என்னை இருத்தி வைச்சுக்கொண்டு, நான் செய்த ஒவ்வொரு வேலையையும் பற்றி முதல்லை நானே சொல்லவேணும் எண்டாள். எப்பிடிச் செய்தனி, நல்லாவோ, கூடாதோ?

நீங்களே சொல்லுங்கோ, ஆராவது தன்ரை வாயாலை "நான் திறம்" எண்டு சொல்லுவினமோ? வீட்டுக்கு வந்தவை கறி நல்லாயிருக்கு எண்டால் நாங்கள் என்ன சொல்லுவம்? "இல்லையப்பா, உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" எண்டுதானே. அவை "சீச்சீ, அளவா இருக்கு" எண்டு சொல்லுவினம். அதுதானே மரியாதை. அந்த மரியாதையிலை நானும், மேல் துடைக்கிறது அவ்வளவு சரியில்லை, கட்டில் விரிக்கிறது இன்னும் பழகவேணும், கதைக்கிறது மோசம் எண்டு அடுக்கிக்கொண்டு போனன். இப்ப "சீச்சீ" எண்டு சொல்லுவாள் எண்டு பாத்தால், அவள் ஒவ்வொண்டுக்கும் தலையாட்டிறாள்.

பரீட்சார்த்த காலத்தை இன்னும் மூண்டு மாதம் நீட்டிப்போட்டினம். அதுக்குப் பிறகும் சரிவராட்டி வீட்டை போகவேண்டியதுதான். எனக்கு உடன அம்மாதான் நினைவிலை வந்தா. மேசையிலை இருந்தபடியே அழுதுபோட்டன். லேயாவுக்கும் கண் கலங்கிச்சுது, ஆனாச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடேல்லை: "உனக்கே உன்னிலை நம்பிக்கை இல்லாட்டி, ஜெயந்தி, நான் எப்பிடி உன்னை நம்பிறது?"

குளியலறைக் கண்ணாடி

பிறகு தினமும் வேலைக்குப் போகமுதல் குளியலறைக் கதவைப் பூட்டிப்போட்டுக் கண்ணாடிக்குச் சொல்லிப் பழகினன். நான் வடிவாச் செய்யிறன். நான் கவனமான ஆள். என்ரை வேலை திறம். வெக்கத்திலை காது சுடும். ஒரு நாள் கொஞ்சம் சத்தமாச் சொல்லிப்போட்டன் போலை, கதவிலை என்ரை மனிசன் தட்டினார்: "இஞ்சாருமப்பா, உள்ளுக்கை ஆரை உப்பிடிப் புகழுறீர்?"

வாறன்

நீட்டின மூண்டு மாதமும் முடிய, என்ரை லேற தப்பிட்டுது. அதிலையிருந்து சோதினை வரைக்கும் எனக்குப் பாக்கத் தந்திருந்த ஆள் ஃபிராவ் கெல்லர், எங்கட முறையிலை கெல்லர் அம்மா. எண்பத்தொன்பது வயது, மறதி வருத்தம். வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்கை நான் அவவின்ரை கையைப் பிடிச்சு, "நான் வாறன்" எண்டு ஜேர்மன் பாசையிலை சொல்லிப்போட்டுத்தான் வருவன். போறன் எண்டு எங்கட வாயிலை வருமோ? செத்தவீட்டிலை தவிர ஆர் அப்பிடிச் சொல்லுறது? எனக்கு அது ஒரு பழக்கம், வேறொண்டுமில்லை.

ஒருமுறை ரெண்டு நாள் லீவு முடிஞ்சு போனால் லேயா முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறாள். நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போக, கிழவி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு கதவடிக் கதிரையிலை இருந்திட்டாவாம். கட்டிலுக்குப் போகமாட்டன், சாப்பிடமாட்டன் எண்டு ஒரே பிடிவாதம். ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரமாவது அப்பிடி இருக்கிறவவாம், நான்தான் காணேல்லை. உண்மையைச் சொல்லப் பழகு, போறன் எண்டால் போறன் எண்டு சொல்லு எண்டாள் லேயா.

அங்கை ஊரிலையும் ஒரு மனிசிக்கு ஒவ்வொரு ஞாயிறும் ரெலிபோனிலை வாறன், வாறன் எண்டுதானே சொல்லிக்கொண்டிருக்கிறன். ஃபிராவ் கெல்லருக்குப் பக்கத்திலை குந்தியிருந்து மன்னிப்புக் கேட்டன். அவ கோவிக்கேல்லை, என்ரை கன்னத்தைத் தடவிப்போட்டுச் சொன்னா: "நீங்கள் சாப்பிடாமல் வருவியள் எண்டுதான் நானும் சாப்பிடாமல் இருந்தனான்."

சோதினை

கடைசிச் சோதினை அவவோடைதான். சோதினை எடுக்க வெளியிலையிருந்து ரெண்டு பேர் வந்து மூலையிலை நிண்டு பாத்தினம். படிப்பிச்ச மாதிரியே கதவைத் தட்டி, பேரைச் சொல்லி, அனுமதி கேட்டு, "இப்ப முகம் துடைக்கப்போறன், இப்ப வலக்கை, இப்ப முதுகு" எண்டு ஒவ்வொண்டையும் சொல்லிச் சொல்லிச் செய்தன். ஆளைத் திடுக்கிடப் பண்ணக்கூடாது எண்டதுதான் இந்தப் படிப்பின்ரை அரைவாசி. இனி இந்தக் கையை அம்மாவிட்டைக் கொண்டுபோகலாம் எண்டு மனம் பறந்துகொண்டிருந்தது.

பாஸ். நல்ல பாஸ். நான் அவவுக்குத் தலை சீவி முடிக்க, ஃபிராவ் கெல்லர் அந்த ரெண்டு பேரையும் முதல்முறை கண்டதுபோலப் பாத்துச் சொன்னா: "நீங்கள் இனிப் போகலாம். என்ரை மகள் வந்திட்டாள்."

சுன்னாகம்

ஆடி மாதம் போய் இறங்கினன். அம்மா இருந்தா. என்னைக் கண்டு அழுதா, நானும் அழுதன். மெலிஞ்சு காய்ஞ்சு போனா, ஆனா ஆள் தெளிவு. முதுகிலை ஒரு சின்னப் புண்கூட இல்லை. ஒரு பள்ளிக்கூடமும் போகாமல் கௌரி அப்பிடிப் பாத்திருக்கிறாள். அடுத்தநாள் காலமை கௌரியைப் போய்ப் படு எண்டு சொல்லிப்போட்டு, வெந்நீரும் துவாயும் எடுத்துக்கொண்டு போனன். ரெண்டு வருசமாக் காத்திருந்த காலமை.

கதவு நிலையிலை தட்டினன். "அம்மா, நான் ஜெயந்தி. இப்ப உங்களுக்கு மேல் துடைக்கப்போறன், சரியோ?" எண்டன். சுவிசிலையிருந்து கொண்டுபோன பெட்டியிலையிருந்து கிளவுஸ் ரெண்டை இழுத்துப் போட்டன். கை தன்பாட்டிலை செய்யிற வேலை, நான் யோசிக்கவே இல்லை. அம்மா என்ரை கையைப் பாத்தா. பாத்துக்கொண்டே இருந்தா. "இப்ப முகம் துடைக்கப்போறன்" எண்டு நான் சொல்ல, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினா. "ஏன் பிள்ளை, வேத்தாளோடை கதைக்கிறமாதிரிக் கதைக்கிறாய்? என்னைத் தொட உனக்கு அருவருப்போ?"

ஐயோ, அந்தக் கிளவுசை நான் உரிச்செறிஞ்ச வேகம்! வெறுங்கையாலை அம்மாவின்ரை கன்னத்தைப் பிடிச்சன், இல்லையம்மா, அங்கை இதுதான் முறை, சத்தியமா அருவருப்பில்லை எண்டு அழுதழுது சொன்னன். அம்மா கோவமா இருக்கேல்லை, அதுதான் தாங்கேலாமல் இருந்தது. சீலைத் தலைப்பைக் கழுத்துமட்டும் இழுத்துப் போத்திக்கொண்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சொல்லுற மாதிரி மெதுவாச் சொன்னா: "அது பரவாயில்லை பிள்ளை. நீ இவ்வளவு தூரம் வந்து பாத்ததே காணும். நீ படிச்ச பிள்ளை, உனக்கேன் இந்த ஊத்தை. கௌரியை வரச்சொல்லு."

லுசேர்ணிலை எந்தக் கிழவியையும் குளிப்பாட்ட எனக்கு இப்ப முறையான தகுதி இருக்குது. பெத்த தாயைத் தொட்டுப் பாக்கத்தான் எங்கையும் லேற இடம் கிடைக்குதில்லை.