குளத்தடி என்று நான் சொன்னேன்

ஒரு பெண்ணின் கல்யாணம் என் வாயால் நின்றது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைக்க வேண்டியதில்லை. அழுதாயா என்று கேட்டால், இல்லை. ஒருநாள் அழுதே தீருவது என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. வாஷிங் மெஷின் நின்ற சத்தம் கேட்டதும் எழுந்து போய்த் துணிகளைக் காயப்போட்டேன்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிற்பகலில் மெல்போர்னின் ஸ்பிரிங்வேலில் ஒரு சமூகக் கூடத்தின் பின்னறையில் கூடுவோம். பத்துப் பன்னிரண்டு பேர். பாதி இலங்கை, பாதி தமிழ்நாடு. கடவுள் இருக்கிறாரா, கோயிலுக்குள் யார் எதுவரை போகலாம், படகில் வந்தவர்களை இந்த நாடு நடத்தும் விதம் சரியா, பிள்ளைகள் ஏன் எதற்கெடுத்தாலும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள் என்று எதையும் விடமாட்டோம். இரண்டு மணி நேரத்தில் உலகத்தைத் திருத்திவிட்டு, நாற்காலிகளை அடுக்கி, சாவியைப் பெட்டிக்குள் போட்டுவிட்டுக் கிளம்புவோம். அந்தக் கூட்டத்திலேயே பெரிய வாயாடி நான்தான். மதுரையிலிருந்து வந்து பதினோரு வருடம் ஆகிறது, ஐ.டி. வேலை. சமூக நீதி என்ற சொல்லை ஒரு கூட்டத்தில் நான் எத்தனை தடவை சொல்கிறேன் என்று என் கணவர் விரல்விட்டு எண்ணிக் கேலி செய்வார். எண்ணட்டுமே என்று இன்னும் இரண்டு தடவை சொல்வேன்.

அக்காவை நான்தான் அந்தக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன். உடன்பிறந்த அக்கா இல்லை. நோபல் பார்க்கில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. அதைக் குசினி என்பார். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகள், பிசியோதெரபி படித்தவள், இங்கேயே பிறந்தவள். அக்காவுக்குக் கார் ஓட்டப் பயம் என்பதால் போகும்போதும் வரும்போதும் என் காரில்தான் வருவார். கூட்டத்தில் அதிகம் பேசமாட்டார். நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகளுக்குச் சிட்னியில் ஒரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. நார்த்மீட்டில் வீடு, பையன் என்ஜினியர். சாதகம் பார்த்தாயிற்று, பத்தில் எட்டுப் பொருத்தம். பிள்ளைகள் இரண்டும் நான்கு மாதமாகத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் ஒருமுறை சிட்னிக்குப் போய் வந்தாள், அவன் ஒருமுறை இங்கே வந்து அக்கா சமைத்த நண்டுக் கறியைச் சாப்பிட்டுவிட்டுப் போனான். கூறைச் சேலை எங்கே எடுக்கலாம் என்பது வரை பேச்சு வந்துவிட்டது. அந்த மாதங்களில் அக்கா வேலைக்குப் போகும்போதுகூட ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு நடப்பார்.

ஒரு மழைநாளில் கூட்டத்துக்குப் போகும் வழியில் கார் பார்க்கிங் முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் புலம்பினேன். அக்கா சிரித்தார்.

“எங்கடை வீட்டு முற்றமும் இப்பிடித்தான். வைரவர் கோயிலுக்குப் பின்பக்கம், குளத்தடி. மாரி வந்தால் பலகையைப் போட்டு அதுக்கு மேலாலைதான் பள்ளிக்கூடம் போறது. அம்மா ஏசிக்கொண்டு நிப்பா, நாங்கள் வேணுமெண்டு தண்ணிக்குள்ளை காலை விடுவம்.”

அப்புறம் என் கையைத் தட்டி, “இந்தக் கதை ஒருத்தருக்கும் சொல்லுறேல்லை. உமக்குச் சொல்லலாம். நீர் இந்தியாக்காரி, உமக்கு ஒண்டும் விளங்காது” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏழு வருடப் பழக்கம், ஈழத்தைப் பற்றி எவ்வளவு படித்திருக்கிறேன், எத்தனை ஊர்வலத்துக்குப் போயிருக்கிறேன், எனக்கா விளங்காது? ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொன்னதால் நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்த மாதத் தலைப்பை நான்தான் கொடுத்தேன். இங்கே சாதி இருக்கிறதா என்பது தலைப்பு. நான் பேசினேன். சென்னையில் வீட்டு வாடகைக்குப் போனால் நான்வெஜ் சாப்பிடுவீர்களா என்று கேட்டு ஆளை எடை போடுவதைச் சொன்னேன். மெல்போர்னில் கல்யாண விளம்பரங்கள் எப்படி இருக்கின்றன என்று சொன்னேன். கைதட்டினார்கள். எங்கள் கூட்டத்தில் மூத்தவரான அங்கிள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஓய்வுபெற்ற கணக்காளர், யாருக்கும் ஒரு கஷ்டம் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர். என் மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று நாள் சோறு கொண்டுவந்தவர் அவர்தான்.

“இந்தியாவிலை இருக்கலாம் பிள்ளை. எங்கடை ஆக்களிட்டை அது சண்டையோடை போயிட்டுது” என்றார்.

பேச்சு முடிந்து தேநீர் நேரம் வந்தது. அக்கா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கிள் தன் கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மகளின் சம்பந்தத்தை விசாரித்தார். நார்த்மீட் வீட்டுக்காரர் அவருக்கு நல்ல பழக்கமாம், நல்ல குடும்பமாம். பிறகு ரொம்பச் சாதாரணமாக, சர்க்கரை போதுமா என்று கேட்பது போல, அக்காவின் ஊர்ப்பெயரைச் சொல்லி, “அங்கை எவடம் பிள்ளை?” என்று கேட்டார்.

“நாங்கள் சின்னனிலேயே இடம்பெயர்ந்து வன்னிக்குப் போட்டம் அங்கிள். எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை” என்றார் அக்கா.

இந்தப் பதிலை முன்னரும் இரண்டு மூன்று பேரிடம் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் சும்மா இருந்திருக்கிறேன். அன்றைக்குக் கைதட்டல் தலைக்கேறியிருந்தது. அக்காவைப் பற்றி இங்கே எல்லாரையும்விட எனக்குத்தான் அதிகம் தெரியும் என்று காட்ட வேண்டும். கையில் தட்டோடு திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

“என்னக்கா ஞாபகம் இல்லைங்கிறீங்க? வைரவர் கோயிலுக்குப் பின்னாடி, குளத்தடின்னு சொன்னீங்களே. பலகை போட்டு நடப்போம்னு...”

“ஓ” என்றார் அங்கிள். கரண்டியால் தேநீரைக் கலக்கினார். ஏற்கெனவே கலக்கியிருந்த தேநீர். அக்கா ரோல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு விரல்களை டிஷ்யூவில் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. பிறகு யாரோ அடுத்த மாதத் தலைப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

காரில் ஏறியதும் தலைவலியா அக்கா என்று கேட்டேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இப்ப அவருக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“எல்லாம்.”

பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாக விளக்கினார். யாழ்ப்பாணத்தாரிடையே யாரும் சாதியை நேரே கேட்பதில்லை, அது மரியாதைக் குறைவு. ஊரைக் கேட்பார்கள், பிறகு ஊருக்குள்ளே எவடம், எந்தக் குறிச்சி என்று கேட்பார்கள். கோயிலுக்கு முன்பக்கமா பின்பக்கமா, குளத்தடியா சந்தியடியா. அதைச் சொன்னால் மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குளத்தடியில் ஒரே சாதி ஆட்கள்தான் இருந்தார்கள். நார்த்மீட் ஆட்கள் இரண்டு மாதமாக மெல்போர்னில் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை.

“சண்டை எங்கடை வீட்டை எரிச்சுது, சனத்தைச் சாகடிச்சுது. ஆனா எவடம் எண்ட கேள்விக்கு ஒரு மறுமொழியும் தந்தது. அதை வச்சுத்தான் இவ்வளவு காலமும் சமாளிச்சனான்” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். எத்தனை தடவை கேட்டேன் என்று நினைவில்லை. அவர் கையை மெல்ல உயர்த்தி நிறுத்தினார். “நீர் வேணுமெண்டு சொல்லேல்லை எண்டு தெரியும். விடும். உந்த லைட் பச்சையாப் போட்டுது, எடும்” என்றார்.

ஒன்பதாம் நாள் நார்த்மீட்டிலிருந்து அழைப்பு வந்தது. வேறொரு சாத்திரியாரிடம் காட்டினார்களாம், சாதகம் பொருந்தவில்லையாம். எட்டுப் பொருத்தம் எங்கே போயிற்று என்று அக்கா கேட்கவில்லை. பையன் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினான். ஸாரி, இட்ஸ் காம்ப்ளிகேட்டட் என்று.

அதைக் கேட்டபோது எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. பல் பிடுங்கும்முன் ஊசி போட்டால் உதடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போகுமே, அப்படி இருந்தது, இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வேலைக்குப் போனேன், மீட்டிங்கில் பேசினேன், மகனின் நீச்சல் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கும் போனேன். அக்கா வரவில்லை. அங்கிள் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்து, மகன் எப்படியிருக்கிறான் என்று கேட்டார். அவர் முகத்தில் அந்தத் தேநீரை வீச வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போயிருந்தேன். நல்லாயிருக்கான் அங்கிள் என்று சொல்லிவிட்டுக் குடித்தேன். நார்த்மீட்டுக்கு அவர்தான் சொன்னார் என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? நான் சொன்னதற்குத்தான் பத்துப் பேர் சாட்சி.

ஒன்று மட்டும் அடிக்கடி நினைப்பு வரும். மதுரையில் என்னை ஒருவரும் எவடம் என்று கேட்டதில்லை. எங்கள் வீட்டு வாசல் பலகையில் அப்பா பெயருக்குப் பின்னால் சாதிப் பெயர் பித்தளையில் இருந்தது. வாரம் ஒருமுறை அதைப் புளி போட்டுத் தேய்ப்போம். ஒளிக்க ஒன்றும் இல்லாதவளுக்கு ஒளிப்பது என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? அன்று கூட்டத்தில் வாடகை வீட்டுக் கதையைச் சொன்னவள் இந்தப் பலகையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். மகள்தான் கதவைத் திறந்தாள். ஜிம் உடுப்பில், தலை ஈரமாக. உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில் பேசுகிறவள் அன்று தமிழில் தொடங்கினாள்.

“அன்ரி, நீங்க அண்டைக்குச் சொன்னது என்ன இடம்?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவளுக்குத் தெரியாது. இருபத்தாறு வருடத்தில் அக்கா அவளிடம் அதைச் சொன்னதே இல்லை. அவள் தவறிக்கூட எங்கும் உளறிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லவில்லை.

“எவடம் எண்டு ஆரும் கேட்டா நான் பிறந்த ஆஸ்பத்திரியைத்தான் சொல்லுறனான். அப்பரன்ட்லி தட்ஸ் நாட் த ஆன்சர்” என்றாள். “நார்த்மீட்டிலை எல்லாருக்கும் தெரியும். உங்கட குரூப்பிலை எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. ஜஸ்ட் டெல் மீ.”

கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் என்னிடம் யாரும் கேட்காமலேயே சொன்னவள், வாசலில் நின்று கேட்கிற ஒருத்தியிடம் வாய் திறக்காமல் நின்றேன். கோயில், குளம், பலகை, தண்ணீருக்குள் விட்ட கால் எல்லாம் நாக்கின் நுனியில்தான் இருந்தன. அவளுக்குச் சேர வேண்டியவைதான். ஆனால் அவளுக்குக் கொடுக்க வேண்டியவள் நான் இல்லை.

“அம்மா வரட்டும்மா. அவங்ககிட்டயே கேளு” என்றேன்.

“கேட்டனான் அன்ரி” என்றாள். “அப்பிடி ஒரு இடமே இல்லை எண்டுறா. நீங்க பொய் சொன்னதாம்.”