பத்துச் சீட்டுப் படம்

காஜா பெராங் தெருவில் எங்களுக்குப் பால் ஊற்றியவரின் பெயர் எனக்குத் தெரியாது. நெட்டையான மனிதர், தோளில் ஒரு துண்டு. எங்கே நின்றாலும் அந்தத் துண்டால் சைக்கிளைத் துடைப்பார். தன் முகத்து வேர்வையைத் துடைக்க மட்டும் அவருக்குத் தோன்றவே தோன்றாது.

அது ஜப்பான்காரர் ஊரைப் பிடித்து ஆண்ட காலம். வெளியே நடமாட பாஸ் வாங்குவதற்காகத் தெருவே ஓடி ஓடிப் படம் எடுத்தது. சீனர் போட்டோ கடையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். பத்துச் சீட்டுச் சேர்ந்தால் பெரிய படம் ஒன்று இலவசம். பால்காரர் வீடு வீடாகச் சீட்டுக் கேட்டார்.

"என்னண்ணே, பொண்ணு வீட்டுல பெரிய படமா கேட்டாங்களா?" என்று என் சீட்டை நீட்டினேன்.

"என் மூஞ்சிய எவன் புடுங்கப் போறான் தங்கச்சி? சைக்கிளத்தான் ஜப்பான்காரனுங்க ஒப்படைக்கச் சொல்லிட்டானுங்க."

அடுத்த வாரம் பால் தூக்கோடு நடந்தே வந்தார். சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்துக் காட்டினார். அதில் சைக்கிள் மட்டும், கழுத்தில் மாலையோடு, மாப்பிள்ளை மாதிரி நின்றது.

"நீங்க எங்கண்ணே?"

"நான் நின்னா ஹேண்டில் மறையுதே!"

பாலை ஊற்றிவிட்டு, பழக்கத்தில் துண்டை எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு படத்தைத் துடைத்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்வை வழிய நடந்து போனார்.