பீரங்கியைச் சுற்றி நடந்த காலம்

எழுபதுகளின் நடுவில் நாங்கள் சிட்னிப் பக்கம் பரமட்டாவில், ஆற்றோரப் பூங்காவுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். கணவர் காலையில் கந்தோருக்கு வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவார். எனக்கு அப்போது ஐந்து மாதம். முந்திய வருடம் இதே ஐந்தாம் மாதத்தில்தான் ஒரு பிள்ளையை இழந்திருந்தேன். படுத்தே கிடக்காமல் தினமும் நட என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஒவ்வொரு அடியையும் பயந்து பயந்து வைத்தவள் நான்.

பூங்காவுக்குள் தார் போட்ட வட்டப்பாதை ஒன்று இருந்தது. ஒரு சுற்றுக்கு என் நடையில் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். வெள்ளைக்காரக் கவர்னர்மார் குடியிருந்த பழைய வீடு ஒரு மேட்டில் நின்றது. இன்னொரு பக்கம் உயரமான கல்தூண்கள், அவற்றின் உச்சியில் ஒரு பீரங்கி. முதல் நாளே கிட்டப் போய், அங்கே பொறித்திருந்ததை வாசித்தேன். தென்னாபிரிக்காவில் நடந்த ஒரு போருக்கு இந்த ஊரிலிருந்து போனவர்களின் ஞாபகமாம். தூணைப் பார்த்தால் கோயில் மண்டபம், மேலே பார்த்தால் பீரங்கி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த நாளில் சிட்னியில் எங்களுக்குப் போய்க் கும்பிட ஒரு கோயில் கிடையாது.

கோயில் இல்லாவிட்டால் என்ன, கால்கள் பழக்கத்தை விடுமா? பீரங்கி வலக்கைப் பக்கம் இருக்கும்படி, எப்போதும் வலமாகத்தான் சுற்றுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரும் கூட வந்தார். மறுபக்கமாகப் போனால் நிழல் இருக்கும் என்றார். இடமாகச் சுற்றுவதெல்லாம் செத்தவீட்டில்தான், வரமாட்டேன் என்று நின்றேன்.

"பீரங்கிக்கு உதெல்லாம் தெரியுமோ?" என்று கேட்டுச் சிரித்தார்.

நான் வெயிலிலேயே நடந்தேன். அவரும் பின்னால் வந்தார்.

பாதையின் கடைசி வளைவில் ஒரு பெரிய அத்திமரம் நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை அதன் வேரடியில் ஒரு ஜாம் போத்தலும், அதற்குள் வெள்ளைச் செவ்வந்திப் பூக்களும் இருக்கக் கண்டேன். எனக்கு இங்கிலீஷ் நன்றாக வாசிக்கத் தெரியும். ஆனால் அங்கே வாசிக்க ஒரு எழுத்தும் இல்லை. மரத்தடியில் பூ இருந்தால் எங்கள் ஊரில் அங்கே பிள்ளையாரோ வைரவரோ இருப்பார். இது ஒஸ்ரேலியா என்று புத்திக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை. மரத்தை மூன்று தரம் வலம் வந்தேன். பிள்ளை தங்க வேண்டும் என்று கேட்டேன். பிறகு, பிரசாதம் எடுப்பதுபோல ஒரு பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் மனம் கொஞ்சம் ஆறியது.

அடுத்த இரண்டு வெள்ளியும் அப்படியே செய்தேன். நாலாவது வெள்ளி, பூவைத் தலையில் செருகிக்கொண்டு திரும்பினால், ஐம்பது ஐம்பத்தைந்து வயதுள்ள ஒரு வெள்ளைக்காரப் பெண் கையில் புதுப் பூக்களோடு நிற்கிறார். என் தலையைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். நான் அசடு வழியாமல், எங்கள் நாட்டில் மரத்தடிப் பூ கடவுளுடையது, கும்பிட்டவர்கள் ஒன்று எடுக்கலாம் என்று பெரிய விளக்கமே சொன்னேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"அது என் மகனுக்கு வைத்த பூ," என்றார்.

சின்ன வயதில் இந்த மரத்தில் ஏறினால் இறங்கவே மாட்டானாம். இருபது வயதில் வியட்நாம் போருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பூ குறைவதைக் கண்டு, ஏதோ விலங்குதான் தின்கிறது என்று நினைத்தாராம். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. வந்த பாதையிலேயே திரும்பி, முழுச் சுற்றையும் இடமாக நடந்து வீட்டுக்கு வந்தேன். எங்களில் பிள்ளைத்தாய்ச்சி செத்தவீட்டு வாசலுக்கே போகமாட்டாள். நான் செத்தவனுக்கு வைத்த பூவை நாலு வெள்ளிக்கிழமை தலையில் சூடியிருக்கிறேன். உடனே தலை முழுகினேன். கணவர் வந்ததும் அழுதுகொண்டு சொன்னேன்.

"பூவாலை ஒண்டும் வராது. சும்மா மனசைப் போட்டுக் குழப்பாதையும்," என்றார். சொன்னாரே தவிர, அன்றிரவு அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு பூங்காப் பக்கமே போகவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி கதிரையில் இருந்தேன். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் அந்தப் பூதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் நாள் போகப் போக வேறொன்று உறுத்தத் தொடங்கியது. ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றி என்னிடம் சொன்னாள். நான் அவனை அழுக்கு மாதிரி நினைத்துத் தலை முழுகிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் போன ஒரு பிள்ளை இருக்கிறது. அதை யாராவது அப்படி நினைத்தால் நான் சும்மா விடுவேனா? வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை போனேன். அவர் மரத்தடியில் நின்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் என் வயிற்றைப் பார்த்து எத்தனை மாதம் என்று கேட்டார். ஆறாகிவிட்டது, முந்தினது ஐந்தில் போய்விட்டது என்றேன். டாக்டரைத் தவிர அந்த நாட்டில் வேறு யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. அவர் போத்தலிலிருந்து ஒரு பூவை எடுத்து நீட்டினார். வாங்கினேன். தலையில் வைக்க மட்டும் துணிவு வரவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். அன்றைக்கு ஒரு சுற்று முழுவதும் என்னோடு நடந்தார். நான் வலமாகத் திரும்பியபோது அவரும் திரும்பினார். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அப்படியே நடந்தோம், எட்டாம் மாதம் கால் வீங்கி நான் நடையை நிறுத்தும்வரை.

பிள்ளை வசந்தகாலத் தொடக்கத்தில் பிறந்தாள். நல்ல சுகமாக, ஊரைக் கூட்டுகிற குரலோடு பிறந்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழிந்தால் எங்கள் ஆட்கள் பிள்ளையை முதன்முதலில் கோயிலுக்குத்தான் கொண்டுபோவார்கள். அது ஒரு வெள்ளிக்கிழமை. பின்வேலியில் படர்ந்திருந்த மல்லிகையில் கொஞ்சம் பறித்து ஒரு முழம் கட்டினேன். எங்கே போகிறோம் என்று கணவர் கேட்கவில்லை. லீவு போட்டுவிட்டு, பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அந்தப் பெண் மரத்தடியில்தான் இருந்தார். பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போதும் உள்ளுக்குள் பழைய பயம் ஒரு மூலையில் இருந்தது, இல்லையென்று சொன்னால் அது பொய். இருந்தாலும் கொடுத்தேன். மல்லிகையைப் போத்தலுக்குள் வைக்கத்தான் கொண்டு போயிருந்தேன். பாதியை நுள்ளி அவனுக்கு வைத்தேன். மீதியைத் தாயிடம் நீட்டினேன்.

அவர் என் தலையைப் பார்த்தார். பிறகு பிள்ளையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, தன் நரைத்த கட்டைத் தலைமயிரிலிருந்த கிளிப்பைக் கழற்றி, மல்லிகையைச் சேர்த்துக் குத்தினார். அது ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. நான் கிட்டப் போய் அதை நேராக்கிவிட்டேன்.