கண்ணாடி இல்லாத தலைக்கவசம்

எனக்குச் சொந்தத்தில் மாமா யாரும் கிடையாது. அம்மா அவள் வீட்டுக்கு ஒரே பெண். ஆனாலும் எழுபதுகளில், டில்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் பின்பக்க வராந்தாவில், எனக்கு ஒரு மாமா இருந்தார்.

டில்லித் தமிழர்கள் சிலர் அப்போது செய்துகொண்டிருந்த ஏற்பாடுதான் அது. குவார்ட்டர்ஸில் ஓர் அறையை உள்வாடகைக்கு விடக்கூடாது. பிடிபட்டால் வீடே போய்விடும். உறவினர் தங்கினால் தவறில்லை. ஆகவே ஊரிலிருந்து வந்த கலியாணமாகாத இளைஞர்கள், வாடகையோடு ஓர் உறவுமுறையையும் ஒப்புக்கொண்டு குடிவந்தார்கள். எங்களிடம் வந்தவர் அம்மாவின் தம்பியானார். அம்மா பேசுவது கும்பகோணத்துத் தமிழ். அவர் வாயைத் திறந்தால் திருநெல்வேலி. இருவரும் அக்கா தம்பி என்று எந்தத் தமிழனும் நம்பியிருக்கமாட்டான். அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு வருகிறவர்களுக்கு இரண்டுமே மதராஸி என்பதால் எங்கள் உறவு தடையில்லாமல் நடந்தது.

அவர் ஓர் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். இளைப்பு நோய் உண்டு. எங்களிடம் வருவதற்கு முன்னால் ஒரு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் இருந்தாராம். டில்லியின் முதல் குளிர்காலமே அவரை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்துவிட்டது. நாலு பக்கமும் அடைத்த எங்கள் வராந்தாவில்தான் படுத்துத் தூங்க முடிகிறது என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். எனக்கு அதெல்லாம் பொருட்டில்லை. எனக்கு அவர் சனிக்கிழமைகளின் மாமா.

சாணக்யபுரியில் ஒரு தூதரகத்தின் ஹாலில் சனிக்கிழமை சாயங்காலங்களில் இலவசமாகப் படம் காட்டுவார்கள். அவர் என்னை அழைத்துப்போனவை பெரும்பாலும் கையில் காசில்லாதவர்கள் எடுத்த பழைய விண்வெளிப் படங்கள். வேற்றுக்கிரகத்து மலைகள் துணியில் வரைந்தவை; பின்னால் யாராவது நடந்தால் மலை லேசாக அசையும். ராக்கெட்டின் கருவிகளுக்கெல்லாம் எங்கள் வீட்டு ரேடியோவின் திருகுகள். கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். ராக்கெட் பழுதாகி ஒருவன் தனியாக அகப்பட்டுக்கொள்வான். காற்று தீர்ந்துகொண்டே வரும். அவன் எதையாவது செய்து இன்னும் ஒரு நாள் பிழைத்துக் கிடப்பான். மீட்டரில் முள் இறங்க இறங்க, பக்கத்தில் மாமாவின் நெஞ்சு இரைவது எனக்குக் கேட்கும். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். திரும்பி வரும் பஸ்ஸில், நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம் என்று இருவரும் யோசனை சொல்லிக்கொண்டே வருவோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பார்த்ததை அப்படியே நம்பினேன். ஒரு திங்கட்கிழமை வகுப்பில், காற்றே இல்லாத ஒரு நிலவில் மனிதன் எப்படிப் பிழைப்பான் என்று எழுந்து நின்று விளக்கினேன். அதே படத்தைப் பார்த்திருந்த ஓர் அதிகாரியின் பையன் கடைசி பெஞ்சிலிருந்து, அந்த ஆள் தலைக்கவசத்துக்குள் கையைவிட்டு மூக்கைச் சொறிந்ததை நான் பார்க்கவில்லையா என்று கேட்டான். கவசத்துக்கு முன்பக்கம் கண்ணாடியே கிடையாது. வகுப்பு முழுக்கச் சிரித்தது, ஆசிரியரும் சிரித்தார். அன்றிலிருந்து எனக்குப் பெயர் புத்து, அதாவது மடையன்.

சாயங்காலம் மாமாவிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"மொதல்லயே பாத்தேம்லே. படம் எடுத்தவன்கிட்ட துட்டு இல்ல, என்ன செய்வான்?"

"அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லிட்டா பொறவு படத்துல என்ன இருக்கு? கண்ணாடி இருக்குன்னு பாக்கறவன் நெனச்சுக்கிட்டாத்தான் அவன் உசுரோட இருப்பான். அது நாம அவனுக்குச் செய்யற ஒத்தாசை."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். வகுப்பில் கேட்ட அதே சிரிப்பு என்று எனக்குப் பட்டது. அவர் எல்லாம் தெரிந்துகொண்டே என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அந்தச் சனிக்கிழமை படத்துக்கு வரமாட்டேன் என்றேன். அவரும் போகவில்லை.

மறுநாள் ஞாயிறு. காலை வெயிலில் எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது சோதனைக்கு ஒருவர் வந்தார். வயதானவர், குளிருக்கு மஃப்ளர் சுற்றியிருந்தார். வராந்தாக் கட்டிலையும் டிரங்குப் பெட்டியையும் எட்டிப் பார்த்தார். மைத்துனர் என்று அப்பா சொன்னார். அம்மா காபி கொண்டுவந்தாள். அவர் குடித்தார், மதராஸிக் காபியைப் புகழ்ந்தார், பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார். கிளம்பும்போது போகிறபோக்கில் என் கன்னத்தைத் தட்டி, மாமா உன்னைக் கவனித்துக்கொள்கிறாரா என்று இந்தியில் கேட்டார்.

இவர் என் மாமா இல்லை, வாடகை கொடுத்துத் தங்கியிருக்கிறவர் என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்த, இலக்கணம் பிசகாத இந்தி.

அவர் உடனே பேனாவை எடுக்கவில்லை. கொஞ்சநேரம் அப்பாவைப் பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வைக்கு இப்போது எனக்கு அர்த்தம் தெரியும். அவருக்கு முதலிலேயே எல்லாம் புரிந்திருந்தது; ஒரு பொய்யை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத்தான் வந்திருந்தார். நான்தான் அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டேன்.

மாமாதான் எழுந்தார். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது, வாடகை எதுவும் கிடையாது என்று தப்பும் தவறுமான இந்தியில் சொன்னார்.

"சாப் கோ குச் மாலூம் நஹீ. இரண்டு நாள்னு சொல்லி வந்தேன். போகச் சொன்னாங்க, நான்தான் போகல. கிராயா, கிராயா குச் நஹீ."

அப்பா அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, இடம் கொடுத்ததற்கு எனக்கு நீ செய்கிற கைம்மாறா இது என்று மாமாவைப் பார்த்துக் கத்தினார். மாமா தலையை ஆட்டி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இன்றைக்கே காலி செய்தால் மேலே எதுவும் எழுதாமல் விடுகிறேன் என்று வந்தவர் சொன்னார். ஒரு மணி நேரத்தில் டிரங்குப் பெட்டியும் படுக்கைச் சுருளும் ஆட்டோவில் ஏறின. அம்மா சமையலறையைவிட்டு வெளியே வரவில்லை. ஏறும்போது அவர் என்னைப் பார்த்து, "நல்லாப் படிலே" என்றார். குற்றத்தை அவரே வாயால் ஒப்புக்கொண்டுவிட்டார் அல்லவா? நான் சொன்னது சரி என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும் என்று நிமிர்ந்து நின்றேன்.

அவர் எங்கே போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா தேடவில்லை, தேடினால் சந்தேகம் வரும் என்றார். வராந்தா எனக்குப் படிக்கும் அறையாயிற்று. அங்கே உட்கார்ந்து நன்றாகவே படித்தேன், பெரிய வேலைகளில் இருந்தேன். என்னிடம் வாடகைக்கு இருந்தவர்கள் யாரையும் நான் காலி செய்யச் சொன்னதில்லை. அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

அவர் போன அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். எதிர்க்காற்றில் கண்ணில் நீர் வந்தது. அம்மா தேடிக்கொண்டு வந்தாள்.

"இங்க ஏன்டா நிக்கற?"

"மாமா வருவாரே. படத்துக்கு நேரமாச்சு."

அம்மா என்னை அடிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, ஆகவே அவர் திரும்பி வந்துவிடுவார் என்பதுதான் என் கணக்கு. பஸ் வந்து நின்றது. யார் யாரோ இறங்கினார்கள். அடுத்த பஸ்ஸில் வருவார் என்று அம்மாவுக்குத் தைரியம் சொன்னேன்.